யார் கை ஓங்கியிருக்கிறது? மேசைப் போர் விளையாட்டுகளில் இனிஷியேட்டிவும் மொமெண்டமும்

பகடை உருட்டிச் சண்டை போடும் மேசை விளையாட்டுகளுக்கு நீங்கள் புதியவர் என்றால், முதல் ஆட்டத்திலேயே காதில் விழும் சொல் இனிஷியேட்டிவ். "எல்லாரும் இனிஷியேட்டிவ் உருட்டுங்க" என்று ஆட்டத்தை நடத்துபவர் சொல்வார், ஆளுக்கு ஓர் இருபது முகப் பகடையை உருட்டுவார்கள், எண்கள் ஒரு தாளில் ஏறும், சண்டை தொடங்கும். எதற்கு இது என்று கேட்டால் "யார் முதலில் அடிப்பது என்று முடிவு செய்ய" என்பார்கள். பதில் தப்பில்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் சண்டையிலேயே சுவையான பகுதி கைநழுவிப் போகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு சண்டையில் கை ஓங்குவது, அது நழுவுவது, பிடுங்கப்படுவது, இதையெல்லாம் விதிகளுக்குள் கொண்டுவர முடியும். பல வடிவமைப்பாளர்கள் கொண்டுவந்தும் இருக்கிறார்கள். எப்படி என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

சதுரங்கத்திலிருந்து தொடங்கலாம். எல்லாருக்கும் தெரிந்த ஆட்டம், பகடையும் கிடையாது. வரிசை மாறவே மாறாது: வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று, மறுபடி வெள்ளை. அப்படியிருந்தும் சதுரங்கம் ஆடுபவர்கள் "இனிஷியேட்டிவ் இப்போது கறுப்பிடம்" என்று சொல்வார்கள். முறை மாறி மாறி வரும்போது அது எப்படி ஒருவரிடம் மட்டும் இருக்கும்? கறுப்பு ஒவ்வொரு நகர்த்தலிலும் எதையாவது மிரட்டிக்கொண்டே இருக்கிறது, முதலில் ராணிக்குக் குறி, அப்புறம் ராஜாவுக்குச் செக், அப்புறம் ஒரு யானைக்குக் குறி. வெள்ளைக்கும் முறை வருகிறது, ஆனால் வருகிற முறையெல்லாம் தப்பிப்பதிலேயே செலவாகிவிடுகிறது, தான் நினைத்த திட்டத்தைத் தொடங்கக்கூட இடம் கிடைப்பதில்லை. கிங்ஸ் கேம்பிட் என்ற தொடக்கத்தில் வெள்ளை இரண்டாவது நகர்த்தலிலேயே ஒரு சிப்பாயை எதிராளிக்கு நீட்டுகிறது. காய் ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை, எதிராளி அதை எடுத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் என் காய்கள் வெளியே வந்து தாக்கத் தொடங்கிவிடும் என்ற கணக்கு அது.

கறுப்பு வெள்ளைக் கற்களை வைத்து இடம் பிடிக்கும் கோ விளையாட்டில் இதற்கு விலையே குறித்திருக்கிறார்கள். அங்கே கறுப்புதான் முதலில் ஆடும். அந்தச் சாதகத்துக்கு ஈடாக வெள்ளைக்கு ஜப்பானில் 6.5 புள்ளி, சீனாவில் 7.5 புள்ளி இனாமாகக் கிடைக்கும் (அரைப் புள்ளி, ஆட்டம் சமனில் முடியாமல் இருப்பதற்கு). அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் ஒரு மூலையில் கிடைக்கக்கூடிய சின்ன லாபத்தை விட்டுவிட்டுக்கூட, எதிராளி பதில் சொல்லியே ஆக வேண்டிய நகர்த்தலாகப் பார்த்து ஆடுவார்கள். பதில் வந்ததும், அடுத்து எங்கே ஆடுவது என்ற தேர்வு மறுபடி அவர்களிடமே வந்துவிடும்.

ஆக, எதிராளி உங்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் நிலைதான் இனிஷியேட்டிவ். அந்த நிலை தன்னைத் தானே வளர்த்துக்கொள்வது, அதாவது இந்த வெற்றி அடுத்த வெற்றியை எளிதாக்குவது, மொமெண்டம். முதலாவது இந்தக் கணத்தில் யாருக்குத் தேர்வு என்பதைப் பற்றியது, இரண்டாவது அந்தத் தேர்வு யார் பக்கம் சேர்ந்துகொண்டே போகிறது என்பதைப் பற்றியது. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் எந்த விதிப் புத்தகத்தைப் படித்தாலும் அதில் எது இருக்கிறது, எது இல்லை என்று சட்டெனப் பிடிபடும்.

வாள் சண்டைக்காரர்களுக்கு இது நூற்றாண்டுகளாகத் தெரியும். 14ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய வாள் ஆசான் யோஹானஸ் லீக்டனாவரின் மரபில் வந்த பாடங்கள் முழுக்க இதைச் சுற்றியே சுழல்கின்றன. முதலில் நீ அடி, அவன் தடுக்கட்டும், அவன் தடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த அடியைப் போடு, அவனைத் தன் அடிக்கு வந்து சேரவே விடாதே என்பது சாரம். பின்தங்கிப் போனவன் என்ன செய்வது என்பதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள்: வாள்கள் உரசிக்கொண்டிருக்கும் அந்த நொடியில், அழுத்தம் எந்தப் பக்கம் என்று கையில் உணர்ந்து, தடுப்பையே தாக்குதலாக மாற்ற வேண்டும். ஒரு நல்ல விதிமுறைக்கு வேண்டிய மூன்று கேள்விகளும் இதற்குள் இருக்கின்றன. முன்கை, அதாவது இனிஷியேட்டிவ், எப்படிக் கிடைக்கிறது, கிடைத்தால் என்ன பலன், எப்படிப் பறிபோகிறது.

வரிசையில் நிற்பது

இப்போது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு வருவோம், பெரும்பாலானோர் தொடங்குவது அங்கேதான். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து இன்றுவரை முறை ஏறக்குறைய ஒன்றுதான்: சண்டையின் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை இருபது முகப் பகடையை உருட்டி, சுறுசுறுப்புக்கான எண்ணைக் கூட்டி, பெரிய எண்ணிலிருந்து சிறிய எண் வரை வரிசை போட்டுவிடுகிறோம். அந்த வரிசை சண்டை முடியும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். ரேஷன் கடை வரிசை மாதிரிதான், யார் முன்னால் வந்தார்கள் என்பது தீர்மானமாகிவிட்டால் அப்புறம் உள்ளே என்ன நடந்தாலும் உங்கள் முறை உங்கள் முறைதான். எதிரி உங்களைச் சுவரோடு நெருக்கி மூன்று முறை வெட்டியிருந்தாலும், உங்கள் முறை வந்ததும் ஒன்றும் நடக்காதது போல் நிதானமாக உங்கள் அடியை அடிக்கலாம்.

இதில் சுறுசுறுப்புக்கு எவ்வளவு மதிப்பு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்குக் கூட்டெண் +3, மற்றவருக்குப் பூஜ்யம். இரண்டு பகடைகளுக்கும் சேர்த்து 400 சாத்தியங்கள். அதில் +3 உள்ளவர் தெளிவாக முந்துவது 247, சமன் 17, பின்தங்குவது 136. கிட்டத்தட்ட 62 சதவீதம். நல்ல சாதகம்தான், ஆனால் முதல் சுற்று தாண்டியதும் அதன் வேலை முடிந்துவிடுகிறது. ஐந்தாவது சுற்றில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதற்கும் இந்த எண்ணுக்கும் தொடர்பே இல்லை.

இதைவிடப் பழைய விதி ஒன்று, பலர் சிக்கலானது என்று ஒதுக்கிவிட்டது, எனக்கு இந்த விஷயத்தில் மேலானதாகத் தோன்றுகிறது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஒவ்வொரு சுற்றிலும் பத்து முகப் பகடையைப் புதிதாக உருட்டுவார்கள், சிறிய எண் முந்தும். உருட்டுவதற்கு முன்பே என்ன செய்யப் போகிறேன் என்று சொல்லிவிட வேண்டும். மந்திரவாதி ஒரு மந்திரத்தைத் தொடங்கி, அது முடிவதற்குள் ஓர் அடி வாங்கிவிட்டால் மந்திரம் வீணாகிவிடும். அந்தப் பகடையில் ஓர் எண் வித்தியாசம் எதிராளியின் முழுச் செயலையும் அழித்துவிடுகிறது, பாருங்கள். முந்துவதற்கு ஓர் அர்த்தம் கிடைக்கிறது: நான் முந்தினால் நீ நினைத்தது நடக்காது.

முதல் அடியின் விலை

வெறும் "முதலில் அடிப்பது" எவ்வளவு பெரிய சாதகம்? எதிரெதிரே இருவர், இருவரும் சம வலு, ஒவ்வொரு அடியும் படுவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, மாறி மாறி அடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அடி பட்டாலே ஆள் விழுந்துவிடுவார் என்றால், முதலில் அடிப்பவர் வெல்லும் வாய்ப்பு 67 சதவீதம். இரண்டாவது அடியில்தான் விழுவார்கள் என்றால் 59. மூன்றாவது அடியில்தான் விழுவார்கள் என்றால் 57. ஆட்கள் அதிக அடி தாங்கத் தாங்க முதல் அடியின் மதிப்பு கரைகிறது. ஒரு துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் இனிஷியேட்டிவ் பகடையை உருட்டும்போது எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொள்வதும், ஆளுக்கு ஐம்பது உயிர்ப் புள்ளி உள்ள விளையாட்டில் அதே பகடையை யாரும் கண்டுகொள்ளாததும் இதனால்தான்.

தனி ஆட்களிலிருந்து படைகளுக்குப் போனால் நிலைமை தலைகீழ். வார்ஹாமர் 40,000 போன்ற விளையாட்டுகளில் ஒரு பக்கத்துப் படை முழுவதும் நகர்ந்து, சுட்டு, மோதி முடித்த பிறகுதான் மறுபக்கத்துக்கு முறை. பக்கத்துக்கு ஐந்து துப்பாக்கிக்காரர்கள், ஒவ்வொரு குண்டுக்கும் ஓர் ஆள் விழப் பாதி வாய்ப்பு என்று வையுங்கள். முதல் பக்கம் சுட்டதும் சராசரியாக 2.5 பேர் போய்விட்டார்கள். மீதி 2.5 பேர் திருப்பிச் சுட்டால் விழுவது 1.25 பேர்தான். ஆளுக்கொரு முறை முடிந்ததும் ஒரு பக்கம் 3.75, மறுபக்கம் 2.5. சமமாகத் தொடங்கியவர்கள், யாரும் எந்த சாமர்த்தியமும் காட்டவில்லை, நாணயம் ஒன்று எந்தப் பக்கம் விழுந்தது என்பதிலேயே பாதி ஆட்டம் முடிந்துவிட்டது. இதுவும் மொமெண்டம்தான், ஆனால் சம்பாதிக்காத மொமெண்டம். மேசையில் இடிபாடுகளும் சுவர்களும் நிறைய வையுங்கள் என்று அனுபவஸ்தர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுவே, முதல் சுற்றில் சுடுவதற்குக் குறியே தெரியக்கூடாது.

இதை உடைக்க ஒரு நேர்த்தியான வழி, போல்ட் ஆக்‌ஷன் என்ற இரண்டாம் உலகப் போர் விளையாட்டில் இருக்கிறது (2012). ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஒரு பகடை, இரண்டு பக்கத்துக்கும் இரண்டு நிறம், எல்லாவற்றையும் ஒரே பைக்குள் போட்டுவிடுவார்கள். கையை விட்டு ஒன்றை எடுக்க வேண்டும். எந்த நிறம் வருகிறதோ அந்தப் பக்கம் ஒரு பிரிவை இயக்கலாம். பிரிவு ஒன்று அழிந்தால் பையில் அந்த நிறம் ஒன்று குறையும், ஆகவே தோற்றுக்கொண்டிருக்கும் பக்கத்துக்கு முறை வருவது மெல்ல மெல்ல அருகிப்போகும். தனியாக மொமெண்டம் என்று ஒரு விதியும் எழுதாமலே அது உருவாகிவிடுகிறது.

அதே விளையாட்டில் அடிபட்டவர்களின் பக்கத்திலிருந்தும் இதைக் காட்டியிருக்கிறார்கள். சூடு வாங்கிய பிரிவின் மேல் ஒரு சிறு அடையாளம் வைப்பார்கள், ஆள் சாகாவிட்டாலும். அப்படி அடையாளம் உள்ள பிரிவு எதைச் செய்வதற்கு முன்பும் இரண்டு பகடை உருட்டித் தன் மன உறுதி எண்ணுக்குள் கொண்டுவர வேண்டும், ஒவ்வோர் அடையாளத்துக்கும் அந்த எண்ணில் ஒன்று கழியும். சாதாரண வீரர்களுக்கு உறுதி 9. ஓர் அடையாளம் இருந்தால் 72 சதவீதம் கட்டளையை ஏற்பார்கள், மூன்று சேர்ந்துவிட்டால் 42 தான். கொல்லாமலே எதிராளியின் தேர்வுகளைப் பறிக்கலாம் என்பதை இவ்வளவு எளிமையாகச் சொன்ன விதிகள் குறைவு.

தோற்கும்வரை உன் முறை

எனக்கு மிகவும் பிடித்த குடும்பம் இது. முறை என்பது நேரத்தால் முடியாது, தவறினால் முடியும்.

வார்மாஸ்டரில் (2000) ஒரு தளபதி ஒரு பிரிவுக்குக் கட்டளை கொடுக்க இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டித் தன் கட்டளை எண்ணுக்குள் கொண்டுவர வேண்டும். வந்தால் பிரிவு நகரும், அதே பிரிவுக்கு மறுபடியும் கட்டளை கொடுக்கலாம். தவறினால் அந்தத் தளபதிக்கு அந்தச் சுற்றில் அவ்வளவுதான். இங்கேதான் கணிதத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மொமெண்டத்தின் இயல்பே இந்தக் கணக்கில் ஒளிந்திருக்கிறது. தவறும்வரை தொடரலாம் என்றால், வெற்றி வாய்ப்பு 50 சதவீதமாக இருக்கும்போது சராசரியாக ஒரு வெற்றி கிடைத்துத் தவறுவீர்கள். வாய்ப்பு மூன்றில் இரண்டு என்றால் இரண்டு வெற்றி. ஆறில் ஐந்து என்றால் ஐந்து வெற்றி! 50இலிருந்து 83 சதவீதத்துக்குப் போனது சாதாரண முன்னேற்றம் போலத் தெரிகிறது, ஆனால் பலன் ஐந்து மடங்கு. தொடர் செயல்கள் உள்ள எந்த விதியிலும் இந்த வளைவு காத்திருக்கிறது, கவனிக்காவிட்டால் ஒரு திறமையான தளபதி ஒரே முறையில் ஆட்டத்தை முடித்துவிடுவார்.

வார்மாஸ்டர் அதற்குப் போடும் கடிவாளம், ஒரே பிரிவுக்குத் தொடர்ந்து கொடுக்கும் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு எண் கழிவு. கட்டளை எண் 8 உள்ளவருக்கு முதல் கட்டளை 72 சதவீதம், இரண்டாவது 58, மூன்றாவது 42. மூன்றும் தொடர்ந்து கைகூடுவது ஏறக்குறைய 18 சதவீதம்தான். கழிவே இல்லாவிட்டால் சராசரியாக 2.6 கட்டளை ஓடும், கழிவோடு 1.4. அந்த ஒற்றை விதி இல்லையென்றால் அந்த விளையாட்டு வேறு விளையாட்டாகியிருக்கும்.

பிளட் பவுல், பூதங்களும் குள்ளர்களும் ஆடும் ஓர் அமெரிக்கப் பாணிக் கால்பந்து, இதையே பயமாக மாற்றுகிறது. உங்கள் முறையில் எல்லா ஆட்டக்காரர்களையும் இயக்கலாம், ஆனால் உங்கள் ஆள் ஒருவர் தடுக்கி விழுந்தாலோ பந்தைக் கோட்டைவிட்டாலோ அந்த நொடியே முறை எதிராளிக்குப் போய்விடும். அதனால் நல்ல ஆட்டக்காரர் பத்திரமான வேலைகளை எல்லாம் முதலில் முடித்துவிட்டு, ஆபத்தான பகடையைக் கடைசிக்கு வைப்பார். பாதி ஆட்டத்துக்கு எட்டே முறைகள் என்பதால் நடுவில் பறிபோகும் ஒவ்வொன்றும் வலிக்கும்.

ஆனால் முன்கை என்பதை மிகத் துணிச்சலாகக் கையாண்டது கிராஸ்ஃபயர் (1996) என்று சொல்வேன். அதில் அளவுகோல் கிடையாது, சுற்றுகள் கிடையாது. முன்கை உங்களிடம் இருக்கும்வரை எந்தப் பிரிவை வேண்டுமானாலும் எத்தனை முறை வேண்டுமானாலும் நகர்த்தலாம், சுடலாம். எதிராளி தன் கண்ணுக்குத் தெரியும் உங்கள் ஆட்களைக் குறுக்கே சுட்டு நிறுத்தப் பார்ப்பார். உங்கள் முயற்சி வீணானாலோ அவர் குறுக்கிட்டது பலித்தாலோ முன்கை அவருக்கு மாறும். குறுக்கே சுட்டுத் தவறிய எதிரிப் பிரிவு, முன்கை உங்களிடம் இருக்கும்வரை மறுபடி குறுக்கிட முடியாது. ஆகவே ஓர் இயந்திரத் துப்பாக்கியை வீணாகச் சுடவைத்துவிட்டு, அது வாய் மூடியிருக்கும் நேரத்தில் மொத்தக் கம்பெனியையும் தெருவைத் தாண்டவைக்கலாம். உண்மையான காலாட்படைச் சண்டையின் இதயத்துடிப்பு எனக்கு வேறெந்த மேசையிலும் இவ்வளவு அருகில் கேட்டதில்லை. புதியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை மட்டும்: மேசையில் மறைவிடங்கள் நெருக்கமாக இல்லாவிட்டால் இந்த விதி இயங்கவே இயங்காது.

பக்கத்திலேயே இன்னொரு யோசனை. டி பி ஏ என்று சுருக்கமாக அழைக்கப்படும் பண்டைக் காலப் போர் விளையாட்டில் (1990) ஆளுக்குப் பன்னிரண்டு படைத்துண்டுகள்தான். முறை தொடங்கும்போது ஒரே ஒரு ஆறுமுகப் பகடை; விழும் எண் அந்த முறையில் உங்களுக்குக் கிடைக்கும் கட்டளைகள். ஒரு தனித்துண்டை நகர்த்த ஒரு கட்டளை, தோளோடு தோள் நிற்கும் ஒரு முழு வரிசையை நகர்த்தவும் ஒரே கட்டளை. சண்டை தொடங்கி வரிசை உடைய உடைய, அதே எண் போதாமல் போகும். படை கட்டுக்கோப்பாக இருப்பதையே மொமெண்டமாக ஆக்கிவிட்டார்கள், அதற்கென ஒரு மீட்டர் எதுவும் வைக்காமல்.

சேர்த்து வைத்துச் செலவு செய்வது

ஆளுக்கொரு பாத்திரமாகி ஆடும், கதை சொல்லும் ரோல்பிளே விளையாட்டுகள் வேறு பாதையில் போயின. அங்கே மொமெண்டம் கண்ணுக்குத் தெரியும் ஒரு சேமிப்பு. மோடிஃபியஸ் நிறுவனத்தின் 2டி20 முறையில், ஸ்டார் ட்ரெக் அட்வெஞ்சர்ஸ் போன்றவற்றில், அந்தப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஒரு வேலைக்கு இரண்டு வெற்றி போதும், உங்களுக்கு நான்கு கிடைத்தது என்றால் மிச்சம் இரண்டும் குழுவின் பொதுச் சேமிப்புக்குப் போகும், அதிகபட்சம் ஆறு. அதைக் கூடுதல் பகடைக்கோ கூடுதல் சேதத்துக்கோ செலவழிக்கலாம். இரண்டு புள்ளி கொடுத்தால், எதிரியின் முறைக்குப் போகாமல் உங்கள் தோழருக்கே அடுத்த முறையைத் தள்ளிவிடலாம். மொமெண்டம் கொடுத்து இனிஷியேட்டிவ் வாங்குவது, நேரடியாக.

எக்ஸால்டட் மூன்றாம் பதிப்பு இதை இன்னும் ஆழமாகக் கொண்டுபோனது. அங்கே இனிஷியேட்டிவ் எண்தான் மொமெண்டம், இரண்டும் ஒன்றே. சாதாரண அடிகள் எதிராளியின் உடலைக் காயப்படுத்துவதே இல்லை, அவருடைய இனிஷியேட்டிவைக் குறைத்து உங்களுடையதைக் கூட்டுகின்றன: நிலைதடுமாற வைப்பது, பின்வாங்கச் செய்வது, மூச்சுவாங்க வைப்பது. போதுமான அளவு சேர்ந்துவிட்டது என்று நீங்கள் நினைக்கும்போது தீர்க்கமான அடி ஒன்றை எடுக்கலாம், சேர்த்து வைத்த எண் அத்தனையும் சேதப் பகடைகளாக மாறும். பட்டதும் உங்கள் இனிஷியேட்டிவ் 3க்கு இறங்கிவிடும். எப்போது அடிப்பது? சீக்கிரம் அடித்தால் வலு போதாது, காத்திருந்தால் அவர் அதைப் பிடுங்கிவிடலாம். இரண்டு வாள்வீரர்கள் நெடுநேரம் வாளைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டு ஒரே வெட்டில் முடிக்கும் அந்தத் தாளம், எழுதப்பட்ட விதியிலிருந்தே வருகிறது. ஆள் அதிகமானால் கணக்கு வைப்பது சிரமம், ஒவ்வோர் அடிக்கும் வரிசை மாறும். இரண்டு மூன்று பேர் மோதும் சண்டைக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் பார்த்ததில்லை.

இதற்கு எதிர்முனையில் 13த் ஏஜ் (2013). ஒரு ஆறுமுகப் பகடையை மேசை நடுவில் எல்லாரும் பார்க்க வைக்கிறார்கள். முதல் சுற்றில் பூஜ்யம், இரண்டாவதில் 1, பிறகு சுற்றுக்கு ஒன்றாக ஏறி 6 வரை. நாயகர்கள் எல்லாரும் தாக்கும் உருட்டலில் அந்த எண்ணைக் கூட்டிக்கொள்வார்கள், எதிரிகளுக்குப் பொதுவாக அது கிடையாது. யாரும் எதையும் சம்பாதிக்க வேண்டாம், நேரமே மொமெண்டத்தைத் தருகிறது. தொடக்கத்தில் எதிரிகளின் கை ஓங்கியிருக்கும், போகப் போக நாயகர்கள் எழுவார்கள், சண்டையும் இழுவையாகாமல் முடியும். கைவசமுள்ள பெரிய சக்தியை முதல் சுற்றிலேயே வீசும் பழக்கத்தையும் அது குணப்படுத்துகிறது, ஏனென்றால் காத்திருந்தால் படும் வாய்ப்பு அதிகம். புதிதாக ஆட்டம் நடத்துபவர்கள் தங்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசையில் ஏதாவது ஒன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றால் முதலில் இதைத்தான் சொல்வேன், ஒரு பகடை போதும், வேறெந்த விதியையும் தொட வேண்டாம்.

நிற்காமல் போனால்

மொமெண்டம் விதி எழுதும் எல்லாரும் சந்திக்கும் ஆபத்து, வென்றவர் வென்றுகொண்டே போவது. மூன்றாவது சுற்றில் முடிவு தெரிந்துவிட்டால் மீதி ஒரு மணி நேரத்தை ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இதற்காகப் பின்தங்கியவருக்குச் செயற்கையாக ஒரு பரிசு கொடுப்பார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உண்மைப் போரிலேயே இதற்கு விடை இருக்கிறது: முன்னேறுவதே முன்னேறுபவரைக் களைப்பாக்குகிறது. தாக்குதல் ஒரு கட்டத்தில் தன் உச்சத்தைத் தொட்டு, அதற்கு மேல் போனால் தானே பலவீனமாகிவிடும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே பிரஷ்யப் போர்ச் சிந்தனையாளர் கிளாஸ்விட்ஸ் எழுதிவைத்தார். இரண்டாம் உலகப் போரில், 1942 ஜூன் 21இல் லிபியாவின் டோப்ரூக்கைப் பிடித்த ஜெர்மன் தளபதி ரோமெல், ஓடும் பிரிட்டிஷ் படையை விடாமல் துரத்தி எகிப்துக்குள் போனார், அலெக்சாந்திரியாவுக்குச் சுமார் நூறு கிலோமீட்டர் முன்னால் எல் அலமெய்னில் நின்றுபோனார். அவர் பின்னால் பெட்ரோல் வரவேண்டிய பாதை நீண்டுகொண்டே போயிருந்தது, எதிரியோ தன் கிடங்குகளை நெருங்கிக்கொண்டே போனார்.

இதை மேசைக்குக் கொண்டுவருவது கடினமில்லை. தொடர்ந்து செயல்படுபவருக்கு ஒவ்வொரு செயலிலும் ஏதாவது செலவாக வேண்டும்: வார்மாஸ்டரின் கழிவு மாதிரி, டி பி ஏயில் உடையும் வரிசை மாதிரி, எக்ஸால்டட்டில் அடித்ததும் 3க்கு இறங்குவது மாதிரி. இந்தச் செலவு இருந்தால் பின்தங்கியவருக்கு யாரும் இரக்கம் காட்ட வேண்டியதில்லை, தாக்குபவர் களைக்கும் தருணத்தைக் கண்டுபிடித்துத் திருப்பி அடிப்பதே அவருடைய ஆட்டமாகிவிடும்.

நீங்களே ஒரு சின்ன விதி செய்து பாருங்கள், அதுதான் நல்ல பாடம். பக்கத்துக்கு நான்கு வீரர்கள், நடுவில் ஒரு டோக்கன். டோக்கன் வைத்திருப்பவர் ஒரு வீரரை இயக்கி ஓர் ஆறுமுகப் பகடை உருட்டுவார், 3 அல்லது அதற்கு மேல் வந்தால் செயல் வெற்றி, டோக்கன் அவரிடமே இருக்கும். தவறினால் எதிராளிக்கு. அதே வீரரை மறுபடி இயக்கினால் 4 வேண்டும், அதற்கடுத்து 5. டோக்கன் கைமாறும்போது எல்லாம் மறுபடி 3க்குத் திரும்பும். வெறுமனே நகர்வதற்கும் பகடை உருட்ட வேண்டும் என்று வையுங்கள், இல்லையென்றால் தவறவே முடியாத செயல்களை அடுக்கிக்கொண்டு டோக்கனை ஒருவர் விடாமல் வைத்திருப்பார். முதல் ஆட்டத்தை ஓர் அடியில் சாகும் வீரர்களோடு ஆடுங்கள், இரண்டாவதை மூன்று அடி தாங்கும் வீரர்களோடு. இரண்டிலும் டோக்கன் எத்தனை முறை கைமாறியது என்று ஓரத்தில் கோடு போட்டு எண்ணுங்கள். முதலில் டோக்கன் வைத்திருந்தவரே பெரும்பாலும் வெல்கிறார் என்றால், 3 என்பதை 4 ஆக்கிவிட்டு மறுபடி ஆடிப் பாருங்கள்.